தொண்ணூற்று மூன்று ஊற்றுவதாகச் சொன்ன வண்டி

சென்னை – 17
18-6-1974

மரியாதைக்குரிய கருணாகரன் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் சிதம்பரநாதன் தியாகராய நகரிலிருந்து கை கட்டி நின்று எழுதும் கடிதம். நிற்பது மனசுதான், உடம்பு கடை மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே நானும் சுந்தரவல்லியும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். தூத்துக்குடியில் தாங்களும் புஷ்பம் அக்காவும் உப்பளமும் சௌக்கியமாக இருக்கச் செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் போன கடிதத்தில், எப்போதும்போல எங்கள் சௌக்கியத்தைக் கேட்பதற்கு முன்னால் வண்டியின் சௌக்கியத்தைக் கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் எழும்பூரில் வந்து இறங்கியதும் டாக்ஸி வேண்டாம், நம்முடைய பிக்கப் வண்டியிலேயே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தாங்கள் ரயில் ஏறுவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடி, இன்று எழுதத் துணிந்தேன்.

வண்டி தாங்கள் கொடுத்தது என்பதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைக்கப்போகிறேன் என்று நான் எழுதியபோது, அண்டாவையும் குண்டானையும் கைவண்டியில் இழுத்துக்கொண்டு பட்டணத்தில் தொழில் பண்ண முடியாது என்று சொல்லி, துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஏலம் விட்டபோது தாங்கள் ஆசையாய் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைத் தாங்களே ஓட்டிவந்து என் வாசலில் நிறுத்தினீர்கள். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். "மாப்ள, இது அழுத்தம் கூடுன எஞ்சின். தொண்ணூத்தி மூணு ஆக்டேன் பெட்ரோல்தான் போடணும். மறந்துராத." ஆக்டேன் என்றால் என்னவென்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மச்சினன் விவரம் கெட்டவன் என்று நினைப்பீர்களே என்று தலையை ஆட்டிவிட்டேன். என் புத்திக்கு அது பரீட்சை மார்க் மாதிரி பட்டது. தொண்ணூற்று மூன்று என்றால் வகுப்பிலேயே முதல் பெட்ரோல். பங்க்கில் சாதா என்று ஊற்றுகிறார்களே, எண்பத்து மூன்று, அது அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல். எண்பத்து மூன்றும் முதல் வகுப்புத்தானே, நானெல்லாம் நாற்பதில் தேறி வரவில்லையா என்று உள்ளுக்குள் ஒரு நியாயம் அப்போதே விழுந்துவிட்டது. ஆனாலும் மூன்றரை வருஷம் தாங்கள் சொன்னபடிதான் நடந்தேன். அதற்குக் காரணம் நானல்ல, டிரைவர் கரீமுல்லா பாய். நான் எந்தப் பெட்ரோல் என்று வாய் திறப்பதற்குள் அவர் பங்க்கில் இறங்கி "தொண்ணூத்தி மூணு" என்று சொல்லிவிடுவார்.

போன கார்த்திகையில் பெட்ரோல் விலை ஏறியது தங்களுக்கும் தெரியும். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அந்த வாரம் கரீமுல்லா பாயோடு நானும் பங்க்குக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு டாக்ஸி சாதா ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த டாக்ஸிக்காரர் எங்கள் வண்டியையும் என்னையும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இந்த வெலைக்கு இன்னும் தொண்ணூத்தி மூணா ஊத்திக்கினு கீறே? நம்ம வண்டி பத்து வருசமா சாதாதான் குடிக்குது. இன்னா ஆயிட்ச்சு? எல்லாம் பெட்ரோல்தான்" என்றார். அத்தான், யாரோ முகம் தெரியாத மனிதர் சொன்ன வார்த்தை அது. தாங்கள் நானூறு மைல் ஓட்டிவந்து சொன்ன வார்த்தையை விட அது எனக்கு இனித்தது. "சாதாவே ஊத்துப்பா" என்றேன். கரீமுல்லா பாய் மெதுவாக, "அண்ணாச்சி, அவரு வண்டி வேற, நம்ம வண்டி வேற. இது எம்பத்தி மூணுல ஓடும். ஆனா நிம்மதியா ஓடாது" என்றார். பங்க்கில் நாலு பேர் பார்க்க என் டிரைவர் எனக்குப் பாடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வண்டிக்கு எதுக்கு பாய் நிம்மதி? அது என்ன கோயிலுக்கா போகுது?" என்று கேட்டேன். பங்க் ஆள் சிரித்தார். கரீமுல்லா பாய் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் தங்களிடமிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்திலும் "தொண்ணூற்று மூன்றுதானே?" என்று ஒரு வரி இருந்தது. முதல் தடவை அதைப் படித்தபோது உறுத்தியது. ஒரு வாரம் எண்பத்து மூன்றும் அடுத்த வாரம் தொண்ணூற்று மூன்றுமாக ஊற்றச் சொன்னேன். இரண்டும் டாங்கிக்குள் கலந்து எண்பத்தெட்டாக இருக்கும், அத்தானுக்கும் பாதி உண்மை எழுதிய மாதிரி ஆகும் என்று கணக்கு. பொங்கலுக்குப் பிறகு அந்தப் பாதி உண்மையையும் நிறுத்திவிட்டேன். தங்களுக்கு மட்டும், "பெட்ரோல் விஷயத்தில் தங்கள் வாக்குத் தவறாமல் காப்பாற்றப்படுகிறது" என்று எழுதினேன். அதை எழுதிய நாளில் சுந்தரவல்லி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஒங்க அத்தான் நம்மள நம்பித்தானே வண்டியக் குடுத்தாவ. இப்படி எழுதுதியளே" என்று கேட்டாள். வியாபாரத்தில் பெண்கள் தலையிடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கடையில் பாதி வியாபாரத்தை அவள்தான் பார்க்கிறாள்.

பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். "எஞ்சின் தட்டுது அண்ணாச்சி" என்றார் கரீமுல்லா பாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் முப்பது அண்டா, இருபது தூக்கு, நூறு கரண்டி இருக்கும் வண்டியில் சத்தம் வந்தால் அதற்கு எஞ்சினையா குற்றம் சொல்வது? பாத்திரங்களைக் கோணிச் சாக்கில் சுற்றச் சொன்னேன். சத்தம் போகவில்லை. கரண்டிகளைத் தனியே கட்டி, சுந்தரவல்லியின் பழைய சேலை நாலை எடுத்து அண்டாக்களுக்கு இடையில் திணித்தேன். சத்தம் போகவில்லை. மூடிகளையெல்லாம் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனதில், மாம்பலத்தில் ஒரு சீமந்தத்துக்கு மூடியில்லாத இட்லிக் கொப்பரை போய்ச் சேர்ந்து, அவர்கள் தாம்பாளத்தைக் கவிழ்த்து இட்லி அவித்தார்கள். அப்போதும் சத்தம் போகவில்லை. ஒருநாள் காலி வண்டியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பாத்திரம் இல்லை என்று ஆனதும், டிரைவர்தான் என்று முடிவு கட்டினேன்.

இனி எழுதப்போவதுதான் அத்தான், என்னை உட்காரவிடாமல் பண்ணுகிற விஷயம். மாசி மாதம். முன்பு ஓடிய தூரத்துக்கு இப்போது பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அன்று காலை கரீமுல்லா பாய் வேலைக்கு வந்தபோது அவர் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கடையில் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர், பாத்திரம் தேய்க்கும் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் நான் கேட்டேன்: "என்ன பாய், பெட்ரோலை உருவிட்டு மண்ணெண்ணெயை ஊத்துதீரா? அதான் வண்டி தட்டுதோ?" தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேடிக்கைக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். "நாலு வருசம் இந்த வண்டிய எம் புள்ள மாதிரி பாத்துகினேன் அண்ணாச்சி. அதுக்கு என்ன வயித்து வலின்னு சொன்னேன். நீங்க கேக்கல. பரவால்ல" என்றார். சத்தம் போட்டுப் பேசவில்லை. தெருவில் இறங்கி நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலை சுந்தரவல்லி கடைக் கதவுக்குப் பின்னால் ஒரு தகர டின்னைக் கண்டெடுத்தாள். முக்கால் டின் மண்ணெண்ணெய். மூடியில் ஒரு ரேஷன் கார்டு செருகியிருந்தது. குடும்பத் தலைவர் கரீமுல்லா, மனைவி ஹாஜிரா பீ என்று எழுதியிருந்தது. விடியற்காலையில் ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் வைத்துவர நேரமில்லாமல் நேரே வேலைக்கு வந்திருக்கிறார். சுந்தரவல்லி டின்னை என் மேஜை மேல் வைத்துவிட்டு, "இந்தா இருக்கு நீங்க சொன்ன களவு. நீங்களே கொண்டு போய்க் குடுத்துட்டு, தப்பா பேசிட்டேன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். நான் போகவில்லை. பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் டின்னைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை. நான் முதலாளியாம். நாலு நாள் போனால் அவரே வருவாராம். அப்படி நினைத்துக்கொண்டு, அவரே எனக்குக் கற்றுக்கொடுத்த டிரைவிங்கை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் நானே வண்டி ஓட்டினேன்.

வைகாசிக் கடைசியில் மயிலாப்பூர் பஞ்சாபகேசன் சாரின் பெண்ணுக்கு அடையாறில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். சார் ரிடையரான ஆடிட் ஆபீசர். ஒரு மாதத்துக்கு முன்பே என் கடைக்கு வந்து, ஒவ்வொரு அண்டாவையும் தட்டிப் பார்த்து, லிஸ்ட் எழுதி, "பாருங்கோ, கல்யாணத்துக்கு மொதநாள், ஜானவாசத்தன்னிக்கு ரெண்டு மணிக்கெல்லாம் பாத்திரம் சத்திரத்துல இருந்தாகணும். சாயந்திரம் மாப்பிள்ளை ஆத்துக்காரா நூத்தம்பது பேர் வரா. எனக்கு ஒரே பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சரக்கு ஏற்றிக் கிளம்பும்போதே மணி ஒன்றரை ஆகிவிட்டது. நந்தனம் தாண்டும்போதே சத்தம் வலுத்தது. இரண்டு மணிக்குப் போக வேண்டுமே என்று இன்னும் மிதித்தேன். அடையாறு புதுப் பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலத்தில் புளியங்கொட்டைச் சத்தம் உளி அடிக்கிற சத்தமாக மாறியது. அப்புறம் ஒரே ஒரு பெரிய அடி. பின்னால் நீலமாகப் புகை, முன்னால் வெள்ளையாக ஆவி. வண்டி நின்றுவிட்டது. அத்தான், அந்த நிமிஷத்தில் உலகத்தில் சத்தமே இல்லை. நான் முதலில் குற்றம் சொன்ன முப்பது அண்டாவும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தன.

பின்னால் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்தன. நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். வெயிலோ சொல்ல முடியாது. கீழே ஆறு, மேலே நான். டெலிபோன் பண்ண வேண்டுமென்றால் அந்தக் கரைக்கு நடக்க வேண்டும். நடந்தால் பாத்திரத்துக்குக் காவல் இல்லை. வாடகை வண்டிகள் நின்று பார்த்துவிட்டு, இத்தனை பாத்திரமா என்று போய்விட்டன. இப்படி முக்கால் மணி நேரம். அப்போதுதான் மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்துவிட்டு ஊரூர்க் குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூன்று மீன்பாடி வண்டிகள், மிதித்து ஓட்டும் மூன்று சக்கரத் தட்டு வண்டிகள், வந்தன. முதல் வண்டியில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மாள் மிதிப்பவரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பெயர் ஜெசிந்தா என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐம்பது வயசிருக்கும்.

"இன்னா அண்ணாச்சி, வண்டி பூட்ச்சா?" என்றாள்.

போய்விட்டது என்றேன். கல்யாணச் சாமான், சத்திரத்துக்குப் போகணும், ஐயர் வீட்டுக் கல்யாணம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் அண்டாக்களையும் தன் வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏத்திக்கினு போய் எறக்கிட்றோம், அது ஒண்ணியும் பெர்சில்ல. ஆனா எங்க வண்டில வந்த அண்டால அவங்க சமைப்பாங்களா? அத்த யோசிச்சுக்கோ."

"எதுல வந்ததுன்னு சொல்லாண்டாம்மா. தெருமுனையிலயே எறக்கிருவோம்" என்றேன். பொய் எனக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது.

"அய்ய, கல்யாணத்துல பொய் சொல்லிக்கினு கீறியே. எங்க வண்டிக்கு இன்னா கொறச்சல்? நான் வாசல்லதான் நிறுத்துவேன். கேட்டா மீன் வண்டின்னுதான் சொல்லுவேன். இஷ்டம்னா ஏத்து" என்றாள்.

வேறு வழி ஏது? ஏற்றினோம். முன்னதாகக் குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டுவந்து வண்டிகளைக் கழுவித்தான் ஏற்றினார்கள். ஆனாலும் எந்தத் தண்ணீர் ஊற்றி அந்த வாடையைப் போக்க முடியும்? நான் கடைசி வண்டியில் ஒரு குண்டானைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போனேன். மூன்றரை மணிக்குச் சத்திரத்து வாசலில், வாழை மரத்துக்கு நேரே, மூன்று மீன்பாடி வண்டிகளும் வரிசையாக நின்றன. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சமையல்காரர் வெளியே வந்து ஒரு அண்டாவைத் தொட்டு முகர்ந்து, "அண்ணா, வஞ்சிரமான்னா மணக்கறது" என்றார். பஞ்சாபகேசன் சார் பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார். இரண்டு மணியிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார் என்பது அவர் சட்டை நனைந்திருந்ததில் தெரிந்தது. நான் திட்டு வாங்கத் தயாராகக் குண்டானோடு இறங்கினேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிந்தாவிடம், "நீங்கள்லாம் வெயில்ல வந்திருக்கேள், உள்ள வந்து மோர் சாப்ட்டுட்டுப் போங்கோ" என்றார். அவளும் குப்பத்து ஆட்களும் பந்தலுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து மோர் சாப்பிட்டார்கள். அப்புறம் சார் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உங்க வார்த்தைய நம்பினேன் பாருங்கோ. தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னார். அவர் என்னை அடித்திருக்கலாம் அத்தான்.

அண்டாக்களைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்து அடுப்பேற்ற மணி ஆறாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு டிபன், பக்கத்து ஹோட்டலிலிருந்து வாங்கி வந்த ஆறிப்போன போண்டாதான். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெண்ணின் அம்மா சமையல்கட்டு ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நல்லவேளை, கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மறுநாள் காலைச் சாப்பாட்டை எல்லாரும் புகழ்ந்தார்கள் என்று கேள்வி. நான் பந்திப் பக்கமே போகவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் எஞ்சினைப் பிரித்து ஒரு பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தார். அதன் தலையில் பத்து பைசா அளவுக்கு ஓட்டை. "இன்னா பெட்ரோல் ஊத்தினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். டாக்ஸிக்காரர் பத்து வருஷமாக அதையேதான் ஊற்றுகிறாராம் என்றும் சொன்னேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "டாக்ஸி எஞ்சினுக்கு அது போதும் சார். அதுல தொண்ணூத்தி மூணு ஊத்தினாலும் ஒரு பிரயோசனமும் இல்ல, வீண். உங்க எஞ்சினு காத்தையும் பெட்ரோலையும் சேத்து பயங்கரமா அமுக்கும். அந்த நம்பருன்றது பெட்ரோலோட பலம் இல்ல சார், பொறுமை. எவ்ளோ அமுக்கினாலும் பிளக்குல பொறி வர்ற வரைக்கும் பத்திக்காம காத்துகினு இருக்கணும். சாதாவுக்கு அந்தப் பொறுமை இல்ல. முந்திகினு வெடிக்கும். அதான் தட்டும். தட்டிக்கினே இருந்து ஒரு நாளைக்கு ஓட்டை போட்ரும்" என்றார். நாலு வருஷமாக எனக்குப் புரியாத ஆக்டேன் இரண்டு நிமிஷத்தில் புரிந்தது. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து மீர்சாகிப்பேட்டை கூப்பிடு தூரம். பிஸ்டனைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கரீமுல்லா பாய் வீட்டுக்கு நடந்தேன். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜிரா பீ யாரென்று கேட்டார். சொன்னேன். அப்புறம், "உக்காருங்க" என்று ஒரு ஸ்டூல் வெளியே வந்தது.

"ஒன்றரை மாசம் வேற வேலைக்கே போகலிங்க" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு எடத்துல கூப்ட்டாங்க. அண்ணாச்சி கோவத்துல பேசிட்டாரு, ஆள் அனுப்புவாரு, நான் இல்லாட்டி அந்த வண்டிய யாரு பாத்துக்குவாங்கன்னு உக்காந்துகினு இருந்தாரு. நீங்க டின்ன மட்டும் அனுப்பினீங்க."

அதற்குள் கரீமுல்லா பாய் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் சலாம் வைத்துவிட்டு முதலில் கேட்டது, "வண்டி எப்டி கீது அண்ணாச்சி?" என்பதுதான். தாங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். நான் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் பிஸ்டனை வாங்கி, ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கத்திகினே இருந்துச்சு. நாம ரெண்டு பேருமே கேட்டோம்" என்றார். அவ்வளவுதான். பாத்திரச் சத்தம் என்றீர்களே என்று அவர் சொல்லிக்காட்டவில்லை.

நான் எழுந்து நின்று, அன்று கடையில் சொன்னது மகா தப்பு, மன்னிக்க வேண்டும், எஞ்சின் தயாரானதும் வந்து சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். டீ வந்தது. அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப ஒரு ஸ்கூல் பஸ் ஓட்றேன். பசங்க நல்லா பேசுதுங்க. உங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி, அல்லா மேல சத்தியமா இல்ல. வண்டில இன்னா கோளாறுன்னாலும் கூப்புடுங்க, வந்து பாத்துக் குடுக்கறேன். ஆனா அந்தச் சாவிய மறுபடி உங்க கையால வாங்க முடியாது. அன்னிக்கி பாத்திரம் தேய்க்கறவங்க எல்லாம் பாத்துகினு இருந்தாங்க." சொன்னபடியே மறுநாள் மெக்கானிக் கடைக்கு வந்து, புது பிஸ்டன் எந்த அளவு, எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டீக்குக்கூட நிற்கவில்லை.

ஆக அத்தான், எழும்பூருக்குத் தங்களை அழைத்துப்போக வண்டி இல்லை. அது ராயப்பேட்டையில் வயிறு கிழிந்து கிடக்கிறது. தங்கள் வார்த்தையை மீறினேன், மீறியதை மறைத்துப் பொய் எழுதினேன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு நல்ல மனிதர் மேல் பழி போட்டேன், ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஒருவரை வெயிலில் நிற்க வைத்தேன். எண்பத்து மூன்று என்று நான் ஆரம்பித்தது இத்தனை பேரிடம் போய் நின்றது. தாங்கள் வந்து என்னை எப்படிப் பேசினாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். எதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டதில் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. இனி என் பேனா தங்களுக்குப் பொய் எழுதாது என்று சுந்தரவல்லியைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்கிறேன்.

புஷ்பம் அக்காவுக்கு எங்கள் இருவர் வணக்கம். மழைக்கு முன்னால் உப்பு எல்லாம் நல்லபடியாகக் குவிந்து கரை சேரட்டும். தங்கள் பாதம் பணியும்,

சி. சிதம்பரநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டு தபால் பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டும்போது தங்கள் கார்டு வந்தது. உப்பு வாருகிற வேலை தலைக்கு மேல் இருப்பதால் இப்போது புறப்பட முடியாது, தை மாதம்தான் வர முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் எஞ்சின் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். தங்களுக்கு ரத்தக் கொதிப்பு வேறு இருக்கிறது. ஆகையால் யோசித்துப் பார்த்து, இந்தக் கடிதத்தை அனுப்புவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். இங்கு அனைவரும் நலம், வண்டி நலம், தொண்ணூற்று மூன்றுதான் ஊற்றுகிறோம் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டாயிற்று. சுந்தரவல்லி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. கரீமுல்லா பாயைப் பற்றியாவது தங்களுக்கு நாலு வரி எழுதலாமென்று இன்னொரு கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல வழி தெரியவில்லை. விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன்.